கீழ் இலை மஞ்சளானால்

ஜூன் 4

அம்மாடி,

நீ போனை எடுக்கவில்லை. பிறகு "இனிமே கூப்பிடாதீங்க" என்று ஒரே ஒரு வரி அனுப்பினாய். சரி, கூப்பிடவில்லை. தபாலுக்கு நீ தடை போடவில்லை என்பதால் எழுதுகிறேன். படிக்காமலே கிழித்துப் போட்டாலும் உன் கையால் கிழித்தாய் என்ற ஆறுதல் எனக்கு மிஞ்சும்.

சிட்டு எப்படி இருக்கிறாள்? உன் பக்கத்து வீட்டம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். கோபித்துக்கொள்ளாதே, எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள், வீக்கம் வடிந்துவிட்டது என்றார். "அழுகைச் சத்தமே வரலைங்க, வாயைத் திறந்து திறந்து மூடுச்சு" என்றார். அந்த வார்த்தையோடு போனை வைத்துவிட்டு, செடிக்கடை ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பட்டப்பகலில் நான் கடையை மூடி நீ பார்த்திருக்கிறாயா? தம்பி போன அன்றைக்கு மூடினேன். அதற்குப் பிறகு இதுதான்.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. அந்தச் செடியை உன் வீட்டுக்கு அனுப்பியது நான். தெரியாமல் அனுப்பவில்லை. டிஃபன்பேக்கியாவின் சாற்றில் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் இருக்கும். கடித்தால் கண்ணாடித் தூளை மென்ற மாதிரி நாக்கும் உதடும் வீங்கும். வீக்கம் தொண்டைக்கு இறங்கினால் மூச்சுக்கே ஆபத்து. கடையில் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லுகிற பாடம் இது. அதைத்தான் பிள்ளை நடக்கப் பழகுகிற வீட்டுக்கு வண்டி ஏற்றிவிட்டேன்.

ஆனால் ஒன்று. தொட்டியில் ஒரு அட்டை கட்டியிருந்தேன், என் கையெழுத்தில்: "சிட்டு கைக்கு எட்டாத உயரத்தில் வை." நீ அதைச் சோபா பக்கத்தில் தரையில் வைத்திருந்தாயாம். ஏன் அம்மாடி தரையில் வைத்தாய்? குற்றம் சாட்டவில்லை. இல்லை, பொய் சொல்வானேன், கொஞ்சம் சாட்டுகிறேன்தான்.

செடியைத் தூக்கி எறிந்துவிடாதே. அடுத்த வாரம் நம் வேன்காரர் உங்கள் பக்கம் சரக்கு இறக்க வருகிறார். அவரிடம் கொடுத்தனுப்பு. கடையில் டிஃபன்பேக்கியா எத்தனையோ நிற்கிறது. தம்பியுடையது அது ஒன்றுதான். வெட்டி ஊன்றினால் ஒன்று பத்தாகும். அவன் விடவே இல்லை. "என் செடியில கத்தி வச்சே, கல்லாவுல நான் கை வைப்பேன்" என்று மிரட்டுவான். அதனால் முழுச் செடியையும் உனக்கே அனுப்பினேன். பிள்ளை இருக்கிற இடத்தில் அவனுடையது ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்றுதான்.

சிட்டுவைப் பார்க்க வரலாமா?

உன் நாத்தனார்


ஜூன் 11

அண்ணி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்தேன்.

பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம். நானே எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை. குளிக்கப் போயிருந்தேன். ஹாலில் சிட்டு பாத்திர மூடியைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்துக்காகவே மூடியைக் கொடுத்துவிட்டுப் போவேன். சத்தம் இருந்தால் பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். சத்தம் நின்றது. தலையில் சோப்பு. கழுவிவிட்டு வரலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் இன்னும் என்னைத் தின்கிறது.

வெளியே வந்தபோது தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எச்சில் மார்பு வரை வழிந்து சட்டை நனைந்திருந்தது. நாக்கைக் கையால் பிடித்துப் பிடித்து இழுத்தாள். உதடு அவள் உதடாகவே இல்லை. கடித்த இலையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆட்டோவில் என் தலையிலிருந்து சோப்புத் தண்ணீர் அவள் மேல் சொட்டியது. டாக்டர் இலையைப் பார்த்ததும், "நல்லவேளை கொண்டு வந்தீங்க, வாந்தி எடுக்க வைக்கலையே?" என்று கேட்டார். வைக்கவில்லை. என் வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? பயத்தில் ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. அது நல்லதாய்ப் போயிற்று.

அட்டையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கடைக்கு வருகிற முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம் "வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் செடியை எடுத்துக் கொடுக்கிறீர்கள். எனக்குத் தெரியும், உங்கள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எனக்கு மட்டும் ஒரு அட்டையா?

செடி குப்பை வண்டியில் போய்விட்டது. வேன்காரரை அனுப்ப வேண்டாம்.

போன் வேண்டாம் என்றதற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை. மணி அடித்தால் "அத்தே" என்று கத்திக்கொண்டு ஓடி வருவாளே. இப்போதும் ஓடி வருகிறாள். வந்து நிற்கிறாள். வாயைத் திறப்பதில்லை. அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

இப்போதைக்கு வர வேண்டாம்.


ஜூன் 19

அம்மாடி,

உன் கடிதத்தைக் கல்லாவில் உட்கார்ந்து படித்தேன். எதிரே ஒரு ஆள், "இது நிழல்ல வருமா, வெயில்ல வருமா?" என்று கேட்டுக்கொண்டே நின்றார். என் காதில் ஏறவில்லை. கடைசியில் அவரே, "நீங்க வேற எங்கயோ இருக்கீங்க, அப்புறம் வரேன்" என்று போய்விட்டார். வந்த வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்பியவள் இல்லை நான்.

நீ கேட்டது நியாயமான கேள்வி. எனக்கு நானே அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கிடைத்த பதில் இவ்வளவுதான்: அது சரக்கு இல்லை. சரக்கு என்றால் என் கண் விழித்துக்கொள்ளும். எதை யாருக்கு விற்கலாம், எதை விற்றால் நாளைக்கு வாசலில் வந்து சண்டை போடுவார்கள் என்று மூக்கு சொல்லும். அந்தத் தொட்டியை வண்டியில் ஏற்றியபோது நான் கடைக்காரியாக நிற்கவில்லை. அவன் அக்காவாக நின்றேன். அக்காவுக்கு மூளை வேலை செய்யவில்லை. அட்டை எழுதினதோடு கடமை முடிந்தது என்று நினைத்துவிட்டாள்.

குப்பை வண்டியில் போனது போகட்டும். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இப்படி எழுதிவிட்டேன், ஆனால் எழுதின பிறகு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் மேலே எழுதுகிறேன்.

அது எப்படி வந்தது என்று அவன் உன்னிடம் சொன்னானா? ஒரு ஆபீசுக்கு நாம் செடி பராமரித்துக்கொண்டிருந்தோம். அவர்கள் காலி செய்துவிட்டுப் போனபோது, வாடிப்போனதை எல்லாம் கீழ்த்தளத்தில் கார் நிறுத்துகிற இடத்தில் தள்ளிவிட்டார்கள். நான் தொட்டிகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு வரச் சொன்னேன். இவன் ஒரு மொட்டைத் தண்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தான். "இது எதுக்குடா, அடுப்புக்கா?" என்றேன். "சாகலக்கா, தூங்குது" என்றான். பெயிண்ட் டப்பாவில் வைத்தான். அப்புறம்தான் அந்த மண் தொட்டி. தொட்டி விரிசல் விட்டபோதும் மாற்றவில்லை, கம்பியால் கட்டினான். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போன் போட்டால் முதலில் உன்னைக் கேட்பான், பிறகு பிள்ளையை, பிறகு "என் ஆளு எப்படி இருக்கான்?" என்பான். ஆளு என்றால் செடி.

இதை எல்லாம் உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. அவனைத் தெரிந்தவர்களில் நீதான் மிச்சம்.

சிட்டு சாப்பிடுகிறாளா? அதை மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

நாத்தனார்


ஜூலை 8

அண்ணிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

சாப்பிடுகிறாள், ஆனால் கையிலிருந்து வாங்குவதில்லை. ஸ்பூனை வாய்க்கருகே கொண்டு போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். தட்டைத் தரையில் வைத்துவிட்டு நான் வேறு பக்கம் பார்க்க வேண்டும். அப்போது தானே எடுத்து, முதலில் முகர்ந்து, நாக்கு நுனியால் தொட்டு, காத்திருந்து, பிறகு சாப்பிடுகிறாள். காத்திருக்கிறாள், அண்ணி. வலிக்குமா என்று பார்க்கிறாள். பச்சையாக எதைக் கண்டாலும் எழுந்து போய்விடுகிறாள்.

டாக்டர் நாக்கும் தொண்டையும் நன்றாக ஆறிவிட்டது என்கிறார். பேச்சு தானாக வரும், அவசரப்படுத்தாதீர்கள் என்கிறார். முன்பு எல்லோருக்கும் முத்தம் கொடுப்பாளே, லிஃப்ட்டில் வருகிறவர்களுக்குக்கூட. இப்போது யாருக்கும் கொடுப்பதில்லை. எனக்கும்தான்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் வேறு யாருக்குத் தெரியும்? நான் வேலைக்குப் போகும்போது சிட்டுவை விடுகிற பிள்ளைகள் காப்பகத்தில், ஜன்னலோரம் பாட்டில் தண்ணீரில் ஒரு கொடி வைத்திருக்கிறார்கள். இதய வடிவ இலை, நடுவில் மஞ்சள் கோடு. படுக்கை விரிக்கிற இடம் வரை தொங்குகிறது. வாசலில் ஒரு தொட்டியில் மெல்லிய நீள இலை, நடுவில் வெள்ளைப் பட்டை, நுனியில் குட்டிச் செடிகள் தொங்கிக்கொண்டு. இவை என்ன? நான் சொன்னால், "உங்களுக்கு நடந்ததால எல்லாத்தையும் பாத்து பயப்படறீங்க" என்கிறார் அங்கே பார்த்துக்கொள்கிறவர்.

எதிர் வீட்டுக்காரர் ஒரு சந்தேகம் கேட்கச் சொன்னார். பெரிய இலைச் செடி. வெயில் கொஞ்சம் கூடுதலாகப் படுகிற இடமாம். கீழ் இலை ஓரத்திலிருந்து மஞ்சளாகிறது, தண்டு மட்டும் கெட்டியாக இருக்கிறது. தண்ணீரைக் குறைக்கணுமா, இடத்தை மாற்றணுமா என்று கேட்டார்.


ஜூலை 14

அம்மாடி,

முதலில் காப்பகம். பாட்டில் கொடி மணி பிளான்ட். நம் ஆளுக்குத் தூரத்துச் சொந்தம். அவ்வளவு கொடூரம் இல்லை, ஆனால் கடித்தால் வாய் எரியும், வீங்கும். அது நிற்கிற பாட்டில் தண்ணீரையும் பிள்ளைகள் குடிக்கக் கூடாது. படுக்கை வரைக்கும் தொங்கவிட்டிருப்பது சுத்த அறிவுகெட்ட வேலை. எடுக்கச் சொல். எடுக்கவில்லை என்றால் என் நம்பரைக் கொடு, நான் பேசுகிற விதத்தில் பேசிக்கொள்கிறேன். வாசலில் இருப்பது ஸ்பைடர் பிளான்ட். அதைத் தின்றாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது, அது பாட்டுக்கு இருக்கட்டும். ஆனால் தொட்டியின் மேல் மண்ணைக் கிளறிப் பார். உருண்டை உருண்டையாகப் பச்சை, நீல மணிகள் இருந்தால் அது உரம், பிள்ளைக்கு மிட்டாய் மாதிரி தெரியும். அழகுக்குப் போட்டிருக்கும் கூழாங்கல்லையும் அள்ளி எடுக்கச் சொல். செடியைவிடக் கல்தான் தொண்டையில் சிக்கும்.

அடுத்தது என் வீடு. நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சிட்டுவை இங்கே அனுப்ப நீ இனி ஆயிரம் தடவை யோசிப்பாய். யோசிக்கத்தான் வேண்டும். கடைக்கு மேலே இருக்கிற இந்த வீட்டில் நாற்காலியைவிடத் தொட்டிதானே அதிகம். எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன். அடீனியம்தான் முதலில் போனது. பார்க்க ரோஜா மாதிரி சிரிக்கும், அதன் பால் நெஞ்சையே நிறுத்தும். பீஸ் லில்லி, குரோட்டன்ஸ், கள்ளி எல்லாம் கீழே கம்பிக் கதவுக்குப் பின்னால். மேலே தொங்கவிட்டால் போதாதா என்று கடையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் கேட்டாள். இலை உதிர்ந்தால் எங்கே விழும், மேலேயா விழும்?

கடைசியில், பிள்ளை கண்ணுக்கு என்ன தெரியும் என்று பார்க்க, முட்டி போட்டு வீடு முழுக்கத் தவழ்ந்தேன். தண்ணீர் ஊற்றுகிறவள் மேலே வந்து பார்த்துவிட்டு, "என்னக்கா, தோடு கழண்டு விழுந்துடுச்சா?" என்று தானும் மண்டி போட்டுத் தேட ஆரம்பித்துவிட்டாள். இரண்டு கிழவிகள் கட்டிலுக்கடியில் தலையை விட்டுக்கொண்டு. எழுந்திருக்க ஒருத்தி கையை ஒருத்தி பிடிக்க வேண்டியதாயிற்று. தம்பி இருந்திருந்தால் இதை வைத்தே மாதக்கணக்கில் ஓட்டியிருப்பான்.

இப்போது உன் எதிர் வீட்டுக்காரர் விஷயம்.

பெரிய இலை, கெட்டித் தண்டு, வெயில் பட்டால் ஓரத்திலிருந்து மஞ்சள். அம்மாடி, நான் இதிலேயே பல் விழுகிற வயதுக்கு வந்தவள். குப்பை வண்டியில் போன செடிக்குக் கீழ் இலை மஞ்சளாகாது.

நீ ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கப் போவதில்லை. வேன்காரரையும் அனுப்பவில்லை. எங்கே வைத்திருக்கிறாய் என்று மட்டும் சொல். வீட்டுக்குள் இருக்காது, உன்னை எனக்குத் தெரியும். மாடிப்படியிலா? வராந்தாவிலா? உன் பிள்ளை கைக்கு எட்டாத இடம் இன்னொருத்தர் பிள்ளை கைக்கு எட்டும். இதை யோசித்தாயா?

நாத்தனார்


ஜூலை 20

அண்ணி,

மொட்டை மாடியில் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே தூக்கிக்கொண்டு போனேன், குப்பை வண்டியில் போடத்தான். வண்டிக்காரர் கையை நீட்டினார். என்னால் கொடுக்க முடியவில்லை. "கொடுக்கறீங்களா இல்லையாம்மா?" என்றார். லிஃப்ட்டில் ஏறி நேராக மாடிக்குப் போய்விட்டேன். துணி காயப்போடுகிற சாக்கில் தினமும் போகிறேன். ஈரத்துணி இல்லாத நாளில் காய்ந்த துணியை நனைத்து எடுத்துக்கொண்டு போகிறேன்.

நேற்று மேல் தளத்துப் பையன்கள் பந்து விளையாட வந்தார்கள். பந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓடியது. அவர்களோடு அவர்கள் தங்கையும் வந்திருந்தாள், சிட்டுவைவிடக் கொஞ்சம் பெரியவள். அவள்தான் பந்தை எடுக்க ஓடினாள். நான் கத்தின கத்தலில் குழந்தை அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவள் அம்மா வந்து, "பந்து எடுக்கப் போனதுக்கா இப்படிக் கத்தினீங்க?" என்றார். பந்தை நானே எடுத்துக் கொடுத்தேன். உங்கள் கேள்வி வந்த மறுநாள் இது நடந்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல்தான் உங்கள் மேல் அத்தனை கோபப்பட்டேன்.

அட்டையைப் படித்தேன். முதலில் அலமாரி மேல்தான் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஈரத்துணியால் இலைகளைத் துடைப்பேன், அவர் துடைக்கிற மாதிரியே, அடியிலிருந்து நுனிக்கு. சிட்டு காலடியில் நின்று எட்டி எட்டிப் பார்ப்பாள். அவர் போனபோது இவள் மடியில் கிடந்த பிள்ளை. அவர் முகம் இவளுக்குத் தெரியாது. போட்டோவைக் காட்டினால் கையால் தட்டிவிட்டு விளையாடப் போய்விடுவாள். ஒரு நாள் இலையைக் காட்டி, "இது அப்பா" என்றேன். சும்மாதான் சொன்னேன். அவள் பிடித்துக்கொண்டாள். "அப்பா, அப்பா" என்று அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அந்தச் சொல்லை இந்த வீட்டில் கேட்டதும் எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. தூக்கிப் பிடித்து, "அப்பாவுக்கு முத்தம் கொடு" என்றேன். கொடுத்தாள். தினமும் படுக்கப் போகும் முன் கொடுத்தாள். தூக்கிப் பிடிக்கக் கை வலித்தது. அதனால் தரையில் இறக்கி வைத்தேன், அவளே போய்க் கொடுக்கட்டும் என்று.

அவள் செடியைத் தின்னப் போகவில்லை, அண்ணி. முத்தம் கொடுக்கப் போனாள். பல் முளைக்கிற பிள்ளை, முத்தம் கொடுக்கும்போது கடிப்பாள். என்னையும் கடித்திருக்கிறாள்.

நீங்கள் அனுப்பினது செடி. அதை வாயில் வைக்கச் சொல்லிக் கொடுத்தது நான்.

என்னால் அதை வெட்ட முடியாது. அது அங்கே இருக்கவும் கூடாது. நீங்கள் வாருங்கள். நீங்களே வெட்டுங்கள்.


ஜூலை 25

அம்மாடி,

வருகிறேன். வெள்ளிக்கிழமை காலை பஸ்.

நான் வருகிற வரைக்கும் அந்தத் தொட்டி மேல் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, மேலே கல் வை. சாறு கண்ணில் பட்டாலும் எரியும், அதனால் நீ கையை வைக்காதே. கையுறை, கத்தி, தடித்த பை எல்லாம் நானே கொண்டு வருகிறேன். வெட்டும்போது சிட்டு மேலே வர வேண்டாம். நீயும் வர வேண்டாம்.

மற்றதைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை. உன் கடிதத்தை மடித்து வைத்தேன், திரும்ப எடுத்தேன், திரும்ப மடித்தேன். உன்னை யாராவது குற்றம் சொன்னால் அவர்கள் முதலில் என்னிடம் வரட்டும். அவ்வளவுதான்.

அவளை "அப்பா" என்று சொல்ல வைத்தாயே. அவன் கேட்டிருந்தால் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பான்.

நாத்தனார்


ஆகஸ்ட் 6

அம்மாடி,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் ஜன்னல் இருக்கை. மடியில் காலித் தொட்டி. பக்கத்தில் உட்கார்ந்த பெண், "இவ்வளவு உடைஞ்ச தொட்டியை யாராவது சுமப்பாங்களா?" என்றாள். "வித்த கடைக்காரன் சட்டையைப் பிடிக்கப் போறேன்" என்றேன். வழி முழுக்க எனக்கு யோசனை சொல்லிக்கொண்டே வந்தாள்.

மாடியில் நடந்ததை நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீயே எதையாவது கற்பனை செய்துகொள்வாய். பெட்டியை எடுத்தேன். செடி நன்றாகத்தான் இருந்தது. மஞ்சள் இலையை நீ கிள்ளிவிட்டிருந்தாய். உச்சியில் புதுக் குருத்து சுருளாக நீட்டிக்கொண்டிருந்தது, அடுத்த வாரம் விரிந்திருக்கும். அவன் பேச்சுக்குக் கட்டுப்பட்டு அதுவரை அதில் நான் கத்தி வைத்ததில்லை. "மன்னிச்சுக்கடா" என்று வாய்விட்டுச் சொன்னேன். நல்லவேளை, பந்து விளையாட யாரும் வரவில்லை. அடியிலிருந்து ஒரே வெட்டு. பிறகு வேரைப் பிடுங்கினேன், வேரில் துண்டு மிஞ்சினாலும் திரும்ப வரும். மண்ணோடு சேர்த்துப் பைக்குள் பை போட்டுக் கட்டினேன். வண்டிக்காரர் வருகிற வரைக்கும் கீழே நின்று அவர் கையில் கொடுத்து, "கட்டைப் பிரிக்காதீங்க, கை எரியும்" என்று சொன்னேன். வெட்டிய இடத்தைக் கீழே இறங்கும் முன்பே நன்றாகக் கழுவிவிட்டேன்.

உன்னிடம் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. தண்டைத் துண்டு போடும்போது என் கை தன்பாட்டில் ஒரு முட்டியை, ஊன்றுகிற துண்டை, ஒதுக்கி வைத்தது. நல்ல கணு, மொக்கு தடித்திருந்தது. மண்ணில் படுக்க வைத்தால் மழைக்காலத்துக்குள் இலை விட்டிருக்கும். தொழில் பழக்கம், மூளைக்கு முன்னால் கை ஓடுகிறது. காகிதத்தில் சுற்றி இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினேன். கடையில் ஓரமாகக் கம்பிக் கதவுக்குப் பின்னால் வைத்தால் யாருக்குத் தெரியப் போகிறது?

உன் வாசலைத் தாண்டும்போது சிட்டு உன் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அத்தைகிட்ட வாடி" என்றேன். வரவில்லை. முகத்தை உன் சேலையில் புதைத்துக்கொண்டாள். என் மேல் செடி வாடை அடித்திருக்கும். பரவாயில்லை, பிள்ளைக்குத் தெரிகிறது. ஆனால் அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நேராகக் கீழே வந்து, கட்டின பையை அவிழ்த்து அந்த முட்டியையும் உள்ளே போட்டுத் திரும்பக் கட்டினேன்.

அதை வைத்திருந்தால், என்றைக்காவது அவள் இந்த வீட்டுக்கு வரும்போது, கம்பிக் கதவுக்குப் பின்னால் அவன் இருக்கிறான் என்று அவளிடம் நான் சொல்லிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

தொட்டியை மாடி வீட்டில் வைத்திருக்கிறேன். கம்பிக் கட்டு அப்படியே இருக்கிறது. மண் இல்லை. வீடு மொட்டையாக இருக்கிறது, பேசினால் எதிரொலிக்கிறது. தவழ்கிற உயரத்தில் ஒன்றுமே இல்லை. நேற்றும் ஒரு தடவை முட்டி போட்டுப் பார்த்துவிட்டேன்.

நாத்தனார்


ஆகஸ்ட் 12

அண்ணி,

நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை, அதனால் இதை எழுதுகிறேன்.

நீங்கள் இரண்டு படி இறங்கியதும் சிட்டு சேலையிலிருந்து முகத்தை எடுத்தாள். உங்கள் இடுப்பில் இருந்த தொட்டியைப் பார்த்தாள். அதைக் கம்பிக் கட்டை வைத்துத்தான் அடையாளம் கண்டிருக்க வேண்டும், அந்தக் கம்பியைத்தான் எப்போதும் நிமிண்டிக்கொண்டிருப்பாள். உள்ளே ஒன்றும் இல்லை என்பதையும் பார்த்தாள். கையை நீட்டி, "அப்பா" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் சொன்ன முதல் சொல்.

சொல்லிவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நீங்கள் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் எடுக்கவில்லை. உங்களைக் கூப்பிட நினைத்தேன். அதற்கு முன் அவளைத்தான் தூக்கிக்கொண்டேன்.

அன்றைக்கு அவளை மடியில் போட்டுக்கொண்டு நிறைய நேரம் இருந்தேன். முத்தம் கேட்கவில்லை. இனி கேட்கப் போவதில்லை, அவளாகக் கொடுக்கிற போது கொடுக்கட்டும். அந்த முட்டியைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்து அழுதேன். கொண்டு போயிருந்தாலும் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். கொண்டு போகாததற்காகத்தான் அழுதேன்.

காப்பகத்தில் மணி பிளான்ட்டை எடுத்துவிட்டார்கள். உரத்தையும் கல்லையும் பற்றி நீங்கள் சொன்னதைச் சொன்னேன். அந்தப் பெண் கேலியாக, "உங்க நாத்தனார் என்ன டாக்டரா?" என்றாள். "இல்லை, டாக்டரே அவங்ககிட்டதான் செடி வாங்குறார்" என்றேன். பொய்தான். இருக்கட்டும்.

ஊருக்கு வர இன்னும் கொஞ்ச நாள் ஆகும். மாடி வீட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு மொட்டையாக வைக்காதீர்கள். வாயில் போட்டாலும் ஒன்றும் ஆகாத ஒரு செடி இருக்குமே, அதில் ஒன்று வையுங்கள். வேறு தொட்டியில்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்யுங்கள். மணி அடித்தால் சிட்டு ஓடி வந்து எடுப்பாள். பேச மாட்டாள், மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்கும். நீங்கள் வைத்துவிடாதீர்கள். பேசிக்கொண்டே இருங்கள்.